மூடுபனியில் தரையிறங்குதல்: ‘ககன்’ அளிக்கும் உறுதி

டிசம்பர், ஜனவரி மாதங்களில் வட இந்தியாவுக்கு விமானத்தில் செல்லும் வாசகர்கள் பலர், நிலைய அறிவிப்புப் பலகையில் ‘தாமதம்’, ‘ரத்து’ என்னும் சொற்களைக் கண்டு சலித்திருப்பார்கள். டில்லி, அமிர்தசரஸ், லக்னோ, பாட்னா எனச் சிந்து கங்கைச் சமவெளி நெடுகிலும் மூடுபனி தரையோடு படிந்துவிடும் பருவம் அது. முப்பத்தையாயிரம் அடி உயரத்தில், நள்ளிரவிலும் மேகக் கூட்டத்திலும் வழி தவறாமல் வரும் விமானம், தரைமீது சில நூறு அடி கனத்துக்குப் படிந்துள்ள பனிக்காக வேறோர் ஊருக்குத் திரும்பிப் போவது ஏன் என்னும் ஐயம் அப்போது எவருக்கும் எழும்.

விடை அளவுகளில் இருக்கிறது. நடுவானில் விமானம் தன் பாதையிலிருந்து அரைக் கிலோமீட்டர் விலகினாலும் தீங்கில்லை. ஓடுபாதையின் அகலமோ பெரும்பாலும் 45 மீட்டர்தான். அதை நோக்கி விமானம் மூன்று பாகைச் சரிவில், மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. அதாவது நொடிக்கு 70 மீட்டர் முன்னேறுகிறது. அதே நொடியில் மூன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமாக உயரத்தை இழக்கிறது. தரையிலிருந்து 200 அடி உயரத்தை அடையும்போது சக்கரங்கள் தரையைத் தொட இன்னும் பதினாறு அல்லது பதினேழு நொடிகளே எஞ்சியிருக்கும். அந்த உயரத்தில் விமானி ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். ஓடுபாதை விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் உடனே விசையைக் கூட்டி மேலெழும்பிவிட வேண்டும். இதனை ‘முடிவெடுக்கும் உயரம்’ என்பர். மூடுபனி நாள்களின் தாமதங்களும் திருப்பிவிடல்களும் பெரும்பாலும் இந்த ஓர் எண்ணைச் சுற்றியே அமைகின்றன.

அந்த உயரம் வரை விமானியைக் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பாதையில் அழைத்து வருவது எது? இதுநாள் வரை அந்தப் பணியைத் தரையில் நிறுவப்பட்ட வானொலிக் கருவிகளே செய்து வந்துள்ளன. இப்போது செயற்கைக்கோள்களும் அப்பணியில் சேர்ந்துள்ளன. இந்தியாவில் அவ்வாறு அமைக்கப்பட்டுள்ள ஏற்பாட்டின் பெயர் ‘ககன்’. வடமொழியில் வானத்தைக் குறிக்கும் சொல் அது. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் கூட்டாக உருவாக்கிய இத்திட்டத்தைப் பற்றி நாளிதழ்களில் அவ்வப்போது செய்தி வருவதுண்டு. எனினும் அது உண்மையில் என்ன செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பது பொதுவாகத் தெளிவுபடுத்தப்படுவதில்லை.

தரைக் கருவிகளின் துணை

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். ‘ஐ.எல்.எஸ்.’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கருவித் தரையிறக்க முறையில் இரண்டு வானொலிக் கற்றைகள் உண்டு. ஓடுபாதையின் மறுகோடியில் உள்ள அலைபரப்பி இடப்பக்கம் ஓர் ஒலிக்குறியையும் வலப்பக்கம் வேறோர் ஒலிக்குறியையும் அனுப்பும். விமானத்தின் ஏற்பி இரண்டையும் சம அளவில் பெற்றால், விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டுக்கு நேராக வருகிறது என்று பொருள். தரையிறங்கும் முனைக்கருகே உள்ள மற்றோர் அலைபரப்பி இதே உத்தியை மேல் கீழாகக் கையாண்டு மூன்று பாகைச் சரிவை வரையறுக்கிறது. விமானி அறையில் இவை குறுக்கும் நெடுக்குமான இரண்டு முட்களாகத் தெரியும். இரண்டையும் மையத்தில் நிறுத்திக்கொண்டு வந்தால் ஓடுபாதையின் வாயிலுக்கு வந்து சேரலாம்.

இம்முறையில் படிநிலைகள் உள்ளன. முதல் நிலையில் முடிவெடுக்கும் உயரம் 200 அடி. ஓடுபாதையில் பார்வைத் தூரம் குறைந்தது 550 மீட்டர் இருக்க வேண்டும். இரண்டாம் நிலையில் இவை 100 அடியாகவும் 300 மீட்டராகவும் குறைகின்றன. மூன்றாம் நிலையின் ‘பி’ பிரிவில் பார்வைத் தூரம் 50 மீட்டர் இருந்தாலே போதும். விமானம் தானியங்கி முறையில் தரையைத் தொடும். டில்லி விமான நிலையத்தில் இந்த உயர்நிலை வசதி உண்டு.

அப்படியானால் டில்லியில் ஒரே காலைப்பொழுதில் ஒரு விமானம் இறங்க, அடுத்தது ஜெய்ப்பூருக்குத் திருப்பிவிடப்படுவது ஏன்? ஓடுபாதை, விமானம், விமானி ஆகிய மூன்றும் தனித்தனியே தகுதிச் சான்று பெற்றிருந்தால்தான் அந்த வசதியைப் பயன்படுத்த இயலும். அவற்றுள் ஒன்று குறைந்தாலும் முழுத் தகுதியும் இல்லாமற்போகும். கூட்டுக் கணக்கில் எல்லோரும் கையொப்பமிட வேண்டும் என்னும் நிபந்தனை இருந்தால், ஒருவர் கையொப்பம் விடுபட்டாலும் காசோலை செல்லாது அல்லவா? அதைப் போன்றதே இது.

ஐ.எல்.எஸ். நம்பகமானது, பல பத்தாண்டுகள் உழைத்த முறை. ஆயினும் ஒவ்வோர் ஓடுபாதையின் ஒவ்வொரு முனைக்கும் தனித்தனிக் கருவி வேண்டும். அலைக்கற்றை சிதறாதிருக்க, முன்னே சமதளமான நிலம் தேவை. அருகில் ஒரு வண்டியோ வேறொரு விமானமோ நின்றாலும் கற்றை கோணலாகலாம். ஆகையால்தான் மூடுபனி நேரத்தில் விமானங்களுக்கு இடையே கூடுதல் இடைவெளி விடுகிறார்கள். அதனாலும் தாமதம் கூடுகிறது. அளவைக் கருவிகள் பொருத்திய தனி விமானத்தைக் குறித்த காலந்தோறும் பறக்கவிட்டு இக்கற்றைகளைச் சரிபார்க்கவும் வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று விமானங்களே வந்துபோகும் சிறு நகர நிலையத்துக்கு இது பெருஞ்செலவு. மலை சூழ்ந்த இடமாயின், செலவழிக்க ஆயத்தமாக இருந்தாலும் கருவியை நிறுவத்தக்க நிலமே அமையாமற்போகலாம்.

செங்குத்து வழிகாட்டல் இல்லாதபோது

சரிவைக் காட்டும் கருவி இல்லையெனில் விமானிகள் படிப்படியாக இறங்குகிறார்கள். இன்ன தொலைவு வரை இன்ன உயரத்துக்குக் கீழே வரக்கூடாது என்னும் அட்டவணையைப் பின்பற்றி, மாடிப்படி இறங்குவதுபோல இறங்குவது இது. வானம் தெளிந்திருக்கும்போது இதில் இடரில்லை. இரவும் மழையும் களைப்பும் சேரும்போது ஒரு படியைத் தவறவிட நேரலாம்.

1997 ஆகஸ்ட் 6 அன்று பசிபிக் பெருங்கடலின் குவாம் தீவில் நேர்ந்தது அத்தகையதே. கொரிய விமான நிறுவனத்தின் போயிங் 747 விமானம் ஒன்று கனமழையில், நள்ளிரவு கடந்த நேரத்தில், அங்கே இறங்க வந்தது. ஓடுபாதையின் நேர்க்கோட்டைக் காட்டும் கருவி இயங்கியது. சரிவைக் காட்டும் கருவி சேவையிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. அக்கருவி இயங்குகிறதா இல்லையா என்ற பேச்சே அந்த இறுதி நிமிடங்களில் விமானி அறையில் எழுந்ததைக் குரல் பதிவு பின்னர் காட்டியது. ஓடுபாதைக்கு ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் தொலைவிலிருந்த நிமிட்ஸ் குன்றில் விமானம் மோதியது. அதிலிருந்த 254 பேரில் 228 பேர் மாண்டதாக அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பதிவு செய்தது. விமானத்தின் இயந்திரங்களில் கோளாறு ஏதுமில்லை. படிப்படியான இறக்கத்தை விமானி முறைப்படி நடத்தாததே முதன்மைக் காரணம் என்றும், களைப்பு உள்ளிட்ட வேறு காரணங்களும் சேர்ந்தன என்றும் விசாரணை கண்டது.

சரிவைக் காட்டும் அந்த இரண்டாவது முள்ளை, தரைக் கருவியே இல்லாத ஓடுபாதைக்கும் தர முடியுமா என்பதுதான் செயற்கைக்கோள் வழிகாட்டலின் முன் நின்ற கேள்வி.

கைப்பேசியில் உள்ளது போதாதா?

நம் கைப்பேசிகள் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களைக் கொண்டு இருப்பிடத்தைக் காட்டுகின்றன. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அவை ஒவ்வொன்றும் ‘இப்போது மணி இது, நான் இருக்கும் இடம் இது’ என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. அறிவிப்பு வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைத் தொலைவாக மாற்றி, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கோள்களின் தொலைவுகளைச் சேர்த்துப் பார்த்தால் இருப்பிடம் கிடைக்கும். வானொலி அலை ஒளியின் வேகத்தில் செல்வதால், ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தொலைவில் 300 மீட்டர் பிசகும்.

திறந்த வெளியில் கைப்பேசி பொதுவாகச் சில மீட்டர் பிழைக்குள் இடத்தைக் காட்டிவிடும். தெருவில் கடையைத் தேடுவோருக்கு அது போதும். தரையிறங்கும் விமானத்துக்குப் போதாமைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, செங்குத்துப் பிழை கிடைமட்டப் பிழையைவிடப் பெரிது. கோள்கள் யாவும் நமக்கு மேலேதான் உள்ளன; கீழ்ப்புறத்திலிருந்து அளக்கக் கோள் ஏதுமில்லை. தரையிறங்கும் விமானத்துக்கோ உயரமே உயிர்.

மற்றொன்று இதனினும் முக்கியம். ஜி.பி.எஸ். பிழைபட்டால், பிழைபட்டதாக அது உடனே சொல்வதில்லை. 2004 ஜனவரி 1 அன்று ஒரு ஜி.பி.எஸ். கோளின் அணுக்கடிகாரம் பழுதாயிற்று. அக்கோள் தவறான நேரத்தை அறிவித்துக்கொண்டே இருந்தது. அதனை ‘நம்பத் தகாதது’ என்று குறியிட ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆனது. தரையிறங்குவதற்கு இருபது நொடி எஞ்சியிருக்கும் விமானத்துக்கு மூன்று மணி நேரம் கழித்து வரும் எச்சரிக்கையால் என்ன பயன்?

துல்லியம் வேறு, நம்பகம் வேறு. தவறு நேரும்போது உடனுக்குடன் அதைச் சொல்லிவிடும் பண்பை விமானத் துறையினர் தனியே வரையறுத்து, தனியே அளக்கிறார்கள். வணிகவியல் படித்து வங்கியில் பணியாற்றும் எனக்கு இத்துறையில் மிகவும் ஈர்ப்புடையதாகத் தோன்றியது இதுவே. கணக்கு சரியாக இருப்பது ஒன்று. அது சரிதான் என்று தணிக்கையாளர் சான்றளிப்பது வேறொன்று. விமானத் துறை இரண்டாவதையும் எண்ணால் கேட்கிறது.

ககன் செய்வது என்ன?

ககனின் அடிப்படை உத்தி எளிமையானது. அகமதாபாத், ஜெய்சல்மேர், ஜம்மு, டில்லி, கயா, கொல்கத்தா, குவாஹாட்டி, திப்ருகர், நாக்பூர், பெங்களூரு, திருவனந்தபுரம், போர்ட் பிளேர் உள்ளிட்ட 15 இடங்களில் ஆதார நிலையங்கள் நிறுவப்பட்டுள்ளன. ஒவ்வொரு நிலையமும் தான் இருக்கும் இடத்தை மிக நுட்பமாக, முன்கூட்டியே அறிந்து வைத்திருக்கிறது. ஜி.பி.எஸ். கோள் சொல்லும் கணக்குப்படி வரும் தொலைவையும், தனக்குத் தெரிந்த உண்மையான தொலைவையும் அது ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே பிழை. நம் பேரேட்டில் இருப்பு ஐயத்துக்கிடமின்றித் தெரிந்திருந்தால், பிறர் அனுப்பும் கணக்கு அறிக்கையில் உள்ள தவற்றை அதைக் கொண்டே கண்டுவிடலாம். அதே முறைதான் இங்கும்.

பதினைந்து நிலையங்களின் அறிக்கைகளும் பெங்களூருவில் உள்ள முதன்மைக் கட்டுப்பாட்டு மையங்களுக்குச் செல்கின்றன. அங்கே பிழைகள் இனம் பிரிக்கப்படுகின்றன. கோளின் கடிகாரத்தால் நேர்ந்தது எவ்வளவு, சுற்றுப்பாதைக் கணிப்பால் நேர்ந்தது எவ்வளவு, வளிமண்டலத்தின் வழியே வரும்போது நேர்ந்தது எவ்வளவு என்று பகுத்தபின், திருத்தங்கள் ஒரு சுற்றறிக்கைபோலத் தொகுக்கப்படுகின்றன. பெங்களூருவிலும் டில்லியிலும் உள்ள ஏற்ற நிலையங்கள் அதனை 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுழலும் ஜிசாட் வகைக் கோள்களுக்கு அனுப்புகின்றன. அவை ஜி.பி.எஸ். பயன்படுத்தும் அதே அலைவரிசையில் அச்செய்தியை நாடு முழுவதற்கும் ஒலிபரப்புகின்றன. விமானத்துக்குத் தனி அலைவாங்கி தேவையில்லை. திருத்தங்களைப் படிக்கத் தெரிந்த ஏற்பி இருந்தால் போதும்.

திருத்தத்தோடு அந்தச் செய்தியில் மற்றொன்றும் இருக்கும்: ஒவ்வொரு திருத்தத்தையும் எவ்வளவு நம்பலாம் என்பதற்கான அளவு. விமானத்தின் ஏற்பி இவற்றைக் கூட்டி, ‘என் பிழை மிக மோசமான நிலையிலும் இந்த எல்லையைத் தாண்டாது’ என்று ஓர் எல்லையை நொடிதோறும் கணக்கிடுகிறது. வாராக்கடன் ஆகக்கூடியவற்றுக்கு முன்னெச்சரிக்கையாக ஒதுக்கீடு செய்து வைப்பதைப் போன்ற கணக்கு இது. உண்மையான இழப்பு அதைவிடக் குறைவாகவே இருக்கும். ககன் சான்று பெற்றுள்ள சேவை நிலையில் அந்த எல்லை கிடைமட்டத்தில் 40 மீட்டரையோ செங்குத்தில் 50 மீட்டரையோ தாண்டினால், வழிகாட்டல் செல்லாது என்று கருவி அறிவித்துவிடும். விமானி மேலெழும்பிவிடுவார். பிழை எல்லை மீறியும் பத்து நொடிக்குள் எச்சரிக்கை வராமற்போகும் வாய்ப்பு, ஒரு கோடி இறக்கங்களில் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பன்னாட்டுத் தரம். உண்மையில் ககன் தரும் இடக்குறிப்பு பெரும்பாலான நேரங்களில் சில மீட்டருக்குள்ளேயே இருக்கும். ஆயினும் சான்றிதழ் அந்தப் பெரும்பாலான நேரங்களைப் பார்த்து வழங்கப்படுவதில்லை.

தும்பாவின் வானம்

அமெரிக்கா இத்தகைய ஏற்பாட்டை 2003-இலேயே இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஜப்பான் 2007-இலும், ஐரோப்பா விமானப் பாதுகாப்புக்குரிய சேவையை 2011-இலும் தொடங்கின. அதே கணக்கீட்டு முறையை அப்படியே வாங்கி நம் நாட்டில் நிறுவிவிட முடியாமற்போனதற்கு நம் தலைக்குமேல் உள்ள வானமே காரணம்.

நூறு கிலோமீட்டர் உயரத்துக்கு அப்பால், கதிரவனின் கதிர்களால் காற்றணுக்கள் சிதைந்து மின்னணுக்கள் மிதக்கும் அடுக்கு ஒன்றுண்டு. இதனை அயனி மண்டலம் என்பர். கோளிலிருந்து வரும் அலையை இம்மண்டலம் சற்றே தாமதப்படுத்துகிறது. அத்தாமதம் தொலைவுக் கணக்கில் சில மீட்டர் முதல் பல பத்து மீட்டர் வரை பிழையாகும். அமெரிக்கா, ஐரோப்பா போன்ற நடு அகலாங்குகளில் இந்த அடுக்கு பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஓர் இடத்தில் அளந்ததைக் கொண்டு பக்கத்து இடத்துக்கும் கணிக்கலாம்.

பூமியின் காந்த நடுக்கோட்டிலோ நிலை வேறு. அங்கே பகலில் மின்னணுக்கள் நீரூற்றுப்போல மேலே எழுந்து, காந்தக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் வழிந்து இறங்குகின்றன. காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. திருவனந்தபுரத்துக்கு அருகில் உள்ள தும்பாவில் 1963-இல் முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவியதற்கும் இந்த நடுக்கோடே காரணம் என்பது பலர் அறிந்ததே. தென்முனையில் எழும் ஊற்று குஜராத், மத்தியப் பிரதேசம், வங்காளம் ஆகியவற்றின் வானில் வந்து குவிகிறது. எனவே தெற்கிலிருந்து வடக்கே செல்லச் செல்ல மின்னணுக்களின் அடர்த்தி செங்குத்தாக ஏறி இறங்குகிறது. கதிரவன் மறைந்தபின் இந்த அடுக்கில் வெற்றிடக் குமிழிகள் தோன்றி மேலெழுவதும் உண்டு; அவற்றின் ஊடே வரும் சமிக்ஞை விண்மீன்போல மினுங்கி, சில வேளைகளில் அறுந்தும் போகும்.

பிற நாடுகளில் அயனி மண்டலத்தை 350 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஒரே மெல்லிய ஓடாக எடுத்துக்கொண்டு, ஐந்து பாகைக்கு ஐந்து பாகை எனக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டப் புள்ளிக்கும் தாமத அளவை அனுப்புகிறார்கள். நம் வானுக்கு ஒற்றை ஓடு போதவில்லை. நாடெங்கும் அளவைக் கருவிகளை வைத்துப் பல ஆண்டுகள் தரவுகளைத் திரட்டி, பல அடுக்குகளாகக் கணக்கிட்டு ஒன்றிணைக்கும் தனி முறையை இஸ்ரோ அறிவியலாளர்கள் வகுத்தனர். பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிக்குச் சேவை அளிக்கும் இத்தகைய முதல் ஏற்பாடு என்னும் சிறப்பு ககனுக்குக் கிடைத்தது அதனால்தான். இதனைப் பெயரளவிலான பெருமையாக நான் கருதவில்லை. கடினமான பகுதி முழுவதும் இங்கேயே செய்யப்பட்டது.

தடைகளும் இல்லாமலில்லை. 2010 ஏப்ரல் 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-4 கோளில் ககனுக்குரிய கருவி இருந்தது. உள்நாட்டுக் கிரையோஜெனிக் எஞ்சினின் அந்த முதல் முயற்சி தோல்வியுற்று, கோள் கடலில் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் ஜிசாட்-8 விண்ணேகியது. 2012-இல் ஜிசாட்-10, 2015-இல் ஜிசாட்-15 தொடர்ந்தன. வழிப்பயணத்துக்கான சான்றை 2013 டிசம்பரிலும், செங்குத்து வழிகாட்டலுடன் தரையை அணுகுவதற்கான சான்றை 2015 ஏப்ரலிலும் சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்ககம் வழங்கியது. இரண்டாவது வகைச் சான்றில் அமெரிக்கா, ஐரோப்பாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுடையது. திட்டச் செலவு 774 கோடி ரூபாய்.

கிஷன்கரில் ஓர் இறக்கம்

ராஜஸ்தானில் அஜ்மீருக்கு அருகில் உள்ள கிஷன்கர், சலவைக்கல் வாணிபத்துக்குப் பெயர் பெற்ற ஊர். 2022 ஏப்ரல் 28 அன்று இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர்.-72 விமானம் ககன் வழிகாட்டலைக் கொண்டு அங்கே சோதனை முறையில் தரையிறங்கியது. ஆசிய பசிபிக் வட்டாரத்திலேயே இவ்வகையில் நிகழ்ந்த முதல் இறக்கம் அது. முடிவெடுக்கும் உயரம் 250 அடி. முதல் நிலை ஐ.எல்.எஸ். தருவதற்கு ஏறத்தாழ நிகரானது; ஐம்பது அடிதான் வேறுபாடு. அதற்காக ஓடுபாதையின் அருகே எந்த வானொலிக் கருவியையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. அணுகுபாதையை அளந்து, தடைகளைக் கணக்கிட்டு, வரைபடமாக வெளியிட்டதே முன்னேற்பாடு. விமானி அறையில் தெரிபவை அதே இரண்டு முட்கள்தாம்.

இங்கே ஒரு தெளிவு தேவை. ‘ககன் வந்துவிட்டது, இனி டில்லி மூடுபனியில் தாமதமே இராது’ என்பதுபோன்ற பேச்சு சரியன்று. 250 அடியில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் புலப்படாத டில்லியின் அடர்பனியில் மூன்றாம் நிலை ஐ.எல்.எஸ். மட்டுமே துணை. ககனால் பெரும்பயன் பெறக்கூடியவை டில்லியும் மும்பையும் அல்ல, ஐ.எல்.எஸ். இல்லாத சிறு நகர நிலையங்களும் மலை நிலையங்களுமே. சிக்கிமின் பாக்யோங் நிலையம் 2018-இல் திறக்கப்பட்டது. விமானி கண்ணால் பார்த்தே இறங்க வேண்டிய அந்த இடத்தில் மேகமும் மழையும் சேவையைப் பலமுறை முடக்கின. இத்தகைய ஊர்களில் ஒரு விமானம் ரத்தானால், அடுத்த விமானம் மறுநாள்தான். மருத்துவத்துக்காகப் புறப்பட்டவருக்கு அது பெரிய வேறுபாடு.

பயன்பாடு நினைத்த அளவுக்கு வளராமைக்குக் காரணம், விமானங்களில் அதற்குரிய ஏற்பி இல்லாமையே. ஏ.டி.ஆர். போன்ற சிறு விமானங்களில் அது எளிதாக அமைகிறது. நம் நாட்டில் அதிகம் பறக்கும் பெரிய ஜெட் விமானங்கள் பலவற்றில் இல்லை. இருக்கும் விமானத்தில் பின்னர் பொருத்துவதற்குச் செலவாகும். பெரிய நிலையங்களில் ஏற்கெனவே ஐ.எல்.எஸ். இருப்பதால் நிறுவனங்களுக்கு அவசரமும் இல்லை. 2021 ஜூலை 1 முதல் புதிதாகப் பதிவாகும் விமானங்களில் ககன் வசதி வேண்டும் என்று அரசு விதித்தது இதைக் கருதியே. அட்டைகளை ஏற்கும் கருவியைக் கடைக்காரர் வாங்காததற்கு வாடிக்கையாளரிடம் அட்டை இல்லாமையும், வாடிக்கையாளர் அட்டை வாங்காததற்குக் கடையில் கருவி இல்லாமையும் காரணமாக இருந்த காலத்தை வங்கித் துறையில் இருப்போர் மறந்திருக்க மாட்டோம். அமெரிக்காவில் இன்று இவ்வகை அணுகுபாதைகள் 4,000-க்கு மேல் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி சிறு ஊர்களுக்கானவை.

ககனின் ஒலிபரப்பு விமானங்களுக்கு மட்டும் உரியதன்று. 2017-இல் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மீனவர்களை ஆழ்கடலில் சூழ்ந்தபோது, கரையிலிருந்து வெகுதொலைவில் இருந்தோருக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. கைப்பேசிச் சமிக்ஞை கரையிலிருந்து பத்து, பன்னிரண்டு கிலோமீட்டருடன் நின்றுவிடும். 2019-இல் அறிமுகமான ‘ஜெமினி’ என்னும் சிறு கருவி, ககன் கோள்களின் வழியே புயல் எச்சரிக்கையையும் மீன்வளச் செய்திகளையும் பெற்றுப் படகில் உள்ள கைப்பேசிக்குத் தருகிறது. விமானத்துக்கென அமைத்த வசதி படகுக்கும் உதவுவது நல்ல செய்தி. ஆனால் அக்கருவி செய்தியைப் பெறும். படகிலிருந்து பதில் அனுப்ப அதனால் இயலாது.

இனி எஞ்சியுள்ள இடர் ஒன்று. ககன் திருத்துவது ஜி.பி.எஸ். தரும் தகவலை. ஜி.பி.எஸ். சமிக்ஞை தரையை அடையும்போது மிகமிக மெலிந்திருக்கும். அதைவிட வலுவான போலிச் சமிக்ஞையை ஒருவர் அருகிலிருந்து பரப்பினால், ஏற்பி அதனை உண்மையென ஏமாறக்கூடும். ஆதார நிலையங்கள் தத்தம் இடத்தில் உண்மையான சமிக்ஞையையே கேட்டுக்கொண்டிருப்பதால், வேறோர் இடத்தில் ஒரு விமானத்தைச் சூழ்ந்த போலியை அவை அறிய மாட்டா. எல்லையோரப் பகுதிகளில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு வட்டாரங்களில், 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை இத்தகைய 465 நிகழ்வுகள் பதிவானதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2025 நவம்பரில் டில்லிக்கு அருகிலேயே இது நேர்ந்தது. பத்தாம் எண் ஓடுபாதையில் செயற்கைக்கோள் வழிகாட்டலைக் கொண்டு இறங்க வந்த சில விமானங்கள் போலிச் சமிக்ஞையைச் சந்தித்தன. அவற்றுக்கு மாற்று நடைமுறைகள் கையாளப்பட்டன. வழக்கமான தரைக் கருவிகள் உள்ள மற்ற ஓடுபாதை முனைகளில் போக்குவரத்து பாதிக்கப்படவில்லை. இந்த வேறுபாட்டை முன்னிட்டே, செயற்கைக்கோள் வழிகாட்டல் விரிவடைந்த பின்னரும் தரைக் கருவிகளில் குறைந்தபட்ச வலையமைப்பு ஒன்றை நாடு தொடர்ந்து பேணி வருகிறது.